அப்பாவின் கணக்கும் மகளின் வரைபடமும்: வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றியவை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் கணினி; படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ தேவைப்படுவது யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்தின் வரைகலை நிரல்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதற்கே முழு இடத்தையும் கொடுத்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

*

கேள்வி: முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காகக் கல்லூரியில் குரோமாக்ஸ் மூலம் ஒரு புரத மூலக்கூறின் அசைவுகளைக் கணக்கிடுகிறோம். முடிவுகளை எக்ஸ்.எம்.கிரேஸில் வரைந்து கொண்டுவரச் சொல்கிறார் எங்கள் பேராசிரியர். வீட்டில் இருப்பது அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கு உள்ள விண்டோஸ் 11 கணினி. 8 ஜி.பி. நினைவகம். ஹார்ட் டிஸ்கைப் பிரித்து லினக்ஸ் போடு என்கிறார்கள் தோழிகள். தொடவே கூடாது என்கிறார் அப்பா. என்ன செய்வது ஐயா?
- வாசகி, விருதுநகர்

பதில்: அப்பா சொல்வதுதான் சரி, அம்மா. ஹார்ட் டிஸ்கைப் பிரிக்காதீர்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2003-இல் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. தேனிப் பக்கத்து மாணவர் ஒருவர் கோடை விடுமுறையில் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட ஆசைப்பட்டார். தொலைபேசியிலேயே ஒவ்வொரு படியாக வழி சொன்னேன். ஹார்ட் டிஸ்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றி எழுதும் திரை வந்தபோது 'ஓகே கொடுங்கள்' என்று சொன்னது நான்தான். அந்தக் கணினியில் அவருடைய மாமாவின் நெல் மண்டிக் கணக்கு மூன்று வருடத்துக்கு இருந்தது. பிரதி எதுவும் கிடையாது. 'இதில் வேறு யாருடைய வேலையாவது இருக்கிறதா?' என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்; கேட்கவில்லை. அந்த மாமா என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. பழைய சிட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். அன்றிலிருந்து, குடும்பம் பொதுவாகப் புழங்கும் கணினியில் பார்ட்டிஷனைத் தொடும்படி நான் யாருக்கும் சொன்னதில்லை.

இன்று அதற்குத் தேவையும் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்தது. பெயர் 'விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபார் லினக்ஸ்', சுருக்கமாக டபிள்யூ.எஸ்.எல். தொடக்கத்தில் கறுப்புத் திரையில் எழுத்துக் கட்டளைகள் மட்டும்தான் ஓடின. 2020-இல் பொதுப் பயனுக்கு வந்த இரண்டாம் பதிப்பு, உண்மையான லினக்ஸ் கெர்னலையே, அதாவது அதன் மையப் பகுதியையே, ஒரு சிறு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறது. 2021-இல் விண்டோஸ் 11 வெளியானபோது, வரைகலை நிரல்களையும் விண்டோஸ் திரையில் காட்டும் டபிள்யூ.எஸ்.எல்.ஜி. என்ற பகுதி அதோடு சேர்ந்து வந்தது. உங்களுக்கு வேண்டியது அதுதான். உள்ளே நிறுவப்படும் உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) முழுவதும், விண்டோஸின் பார்வையில் ஒரே ஒரு பெரிய கோப்பு. அப்பாவின் கணக்கு இருக்கும் இடத்தை அது பிரிப்பதில்லை.

முதல் வேலை, அப்பாவின் கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுப்பது. எந்த வழியில் போனாலும் இதைச் செய்துவிட்டே தொடங்குங்கள். அவர் கண் முன்னால் செய்தால் இன்னும் நல்லது. பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் சி.பி.யு.வைச் சொடுக்கி, 'விர்ச்சுவலைசேஷன்' என்பதற்கு எதிரே 'எனேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கணினி தொடங்கும்போது பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அதை இயக்க வேண்டும். இன்டெல் கணினியில் வி.டி.-எக்ஸ் அல்லது 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏ.எம்.டி. கணினியில் எஸ்.வி.எம். என்றும் பெயர் இருக்கும்.

அடுத்து, டெர்மினலை 'அட்மினிஸ்ட்ரேட்டராக' திறந்து 'டபிள்யூ.எஸ்.எல். --இன்ஸ்டால்' என்று தட்டுங்கள். இன்ஸ்டாலுக்கு முன்னால் இரண்டு சிறு கோடுகள் உண்டு. பதிவிறக்கம் முடிந்து கணினியை மூடித் திறந்ததும் உபுண்டு உங்களிடம் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று என் மாணவர்கள் எத்தனையோ பேர் இந்த இடத்தில் எழுந்து வந்திருக்கிறார்கள். யூனிக்ஸின் வழக்கம் அப்படி. தட்டி முடித்து என்டர் கொடுங்கள். பிறகு 'சூடோ ஆப்ட் அப்டேட்', அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிரேஸ்'. தொகுப்பின் பெயர் கிரேஸ், ஓட்டும் கட்டளை எக்ஸ்.எம்.கிரேஸ். ஆய்வகத்தில் நீங்கள் பார்க்கும் அதே சாம்பல் நிறச் சாளரம், அப்பாவின் பில் நிரலுக்குப் பக்கத்தில், கீழ்ப்பட்டையில் தன் சின்னத்தோடு திறக்கும்.

குரோமாக்ஸ் எழுதித் தரும் எக்ஸ்.வி.ஜி. கோப்புகள் எக்ஸ்.எம்.கிரேஸுக்கென்றே உருவானவை. தலைப்பு, அச்சுகளின் பெயர், அலகு எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கும். ஒரே கோப்பில் பல பத்திகள் இருந்தால் கட்டளைக்குப் பின்னால் '-என்.எக்ஸ்.ஒய்.' சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒரே ஒரு கோடுதான் தெரியும். படமாகச் சேமிக்கும் வழி பலருக்கும் புலப்படுவதில்லை. 'சேவ் ஆஸ்' கொடுத்தால் கிடைப்பது கிரேஸின் சொந்தக் கோப்பு. ஃபைல் பட்டியலில் 'பிரிண்ட் செட்டப்' போய், சாதனமாக இ.பி.எஸ். என்ற பட வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயரும் கொடுத்துவிட்டு, அதன் பின் 'பிரிண்ட்' கொடுக்க வேண்டும். அச்சுப்பொறி எதுவும் வேண்டாம், கோப்பாகவே கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. லினக்ஸுக்குள்ளிருந்து பார்த்தால் அப்பாவின் 'சி' டிரைவ் 'எம்.என்.டி.' என்ற அடைவுக்குக் கீழே தெரியும். அங்கே போய் அழிக்கும் கட்டளை எதையும் கொடுக்காதீர்கள். அது உண்மையாகவே அழிக்கும். உங்கள் கோப்புகளை லினக்ஸின் வீட்டு அடைவிலேயே வையுங்கள், வேகமும் அங்கேதான் அதிகம். விண்டோஸ் எக்ஸ்புளோரரின் இடது ஓரத்தில் பென்குயின் படத்தோடு 'லினக்ஸ்' என்று இருக்கும். அதன் வழியாக அவற்றை எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, 'டபிள்யூ.எஸ்.எல். --அன்ரெஜிஸ்டர்' என்ற கட்டளையை யாராவது பரிந்துரைத்தால், அது உங்கள் உபுண்டுவையும் அதற்குள் இருக்கும் புராஜெக்டையும் சேர்த்து ஒரேயடியாக நீக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

*

கேள்வி: வீட்டிலிருந்து எங்கள் துறையின் லினக்ஸ் சர்வருக்குப் 'புட்டி' என்ற தொலை இணைப்பு நிரல் மூலம் நுழைகிறேன். கட்டளைகள் ஓடுகின்றன. ஆனால் எந்த வரைகலை நிரலைத் தொடங்கினாலும் 'கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே' என்று நின்றுவிடுகிறது. 'உன் கணினியில் எக்ஸ் சர்வர் போடு' என்கிறார் மூத்த ஆய்வாளர். சர்வர் துறையில்தானே இருக்கிறது? என் வீட்டில் எதற்கு இன்னொன்று?
- முனைவர் பட்ட ஆய்வாளர், திருச்சி

பதில்: இந்தக் கேள்வியை நான் முதன்முதலில் கேட்டது தொண்ணூறுகளின் நடுவில். அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒரு மாணவர் என்னிடம் கேட்டிருக்கிறார். குழப்பம் நியாயமானது. இது தெளிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை, விளக்கு, மைக் எல்லாம் மண்டபத்துக்குச் சொந்தம். விசேஷம் நடத்துபவர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். 'மேடையில் இந்த மூலையில் ஒரு நாற்காலி போடுங்கள், அந்த விளக்கை ஏற்றுங்கள்' என்று கேட்கிறார்கள். மண்டபம் செய்து தருகிறது. சேவை தருவது மண்டபம், வாடிக்கையாளர் விசேஷக்காரர். யூனிக்ஸ் உலகத்தின் சாளர முறையான எக்ஸில் உங்கள் திரையும் விசைப்பலகையும் மவுஸும்தான் மண்டபம். அவற்றைக் கவனித்துக்கொண்டு, கேட்பவருக்குச் சாளரம் வரைந்து தரும் நிரலுக்கு எக்ஸ் சர்வர் என்று பெயர். துறையில் ஓடும் எக்ஸ்.எம்.கிரேஸ், எவ்வளவு பெரிய கணினியில் ஓடினாலும், உங்கள் திரையைப் பொறுத்தவரை வாடிக்கையாளர்தான். விண்டோஸில் அந்த மண்டபம் கட்டப்படவில்லை. அதனால்தான் நிரல் வந்து பார்த்துவிட்டு, திரையைத் திறக்க முடியவில்லை என்று திரும்பிப் போகிறது.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்? 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் இதைத் தொடங்கினார்கள். அங்கே 'பிராஜெக்ட் அதீனா' என்ற திட்டம் நடந்துகொண்டிருந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் வளாகம் முழுக்கப் பரவியிருந்தன. மாணவர் எந்த மேசையில் உட்கார்ந்தாலும், வேறொரு கட்டடத்தில் ஓடும் நிரல் அவர் முன்னால் விரிய வேண்டும் என்பது நோக்கம். அதற்கு முன் ஸ்டான்ஃபோர்டில் இருந்த சாளர முறையின் பெயர் ஆங்கில 'டபிள்யூ'. அடுத்த எழுத்து 'எக்ஸ்'. 1987 செப்டம்பரில் வந்த பதினொன்றாம் பதிப்பின் நெறிமுறைதான் இன்றும் உங்கள் நிரல்கள் பேசுவது. வீட்டில் உட்கார்ந்து துறைக் கணினியைப் பயன்படுத்த நினைக்கிறீர்களே, அந்தத் தேவைக்காகவே பிறந்தது இது. எனக்கு இதன் மேல் இத்தனை பிரியம் இருப்பதற்கு அதுவே காரணம். எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு நல்ல சன் கணினி இருந்தது. அதைப் பன்னிரண்டு திரைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது இந்த எக்ஸ்தான்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். விண்டோஸுக்கான இலவச எக்ஸ் சர்வர்களில் வி.சி.எக்ஸ்.சர்வ் நல்லது. அதை நிறுவி, 'எக்ஸ்லாஞ்ச்' மூலம் 'மல்டிபிள் விண்டோஸ்' முறையில், திரை எண் பூஜ்யம் என்று வைத்துத் தொடங்குங்கள். பிறகு புட்டியில், இணைப்பதற்கு முன்பே, இடது பட்டியலில் கனெக்ஷன், அதற்குள் எஸ்.எஸ்.ஹெச்., அதற்குள் எக்ஸ்11 என்று போய் 'எனேபிள் எக்ஸ்11 ஃபார்வர்டிங்' கட்டத்தில் குறியிடுங்கள். திரை இருக்குமிடமாக 'லோக்கல்ஹோஸ்ட்:0' என்று கொடுங்கள். முதல் பக்கத்துக்குத் திரும்பிச் சேமிக்க மறக்க வேண்டாம். பலர் குறியிட்டுவிட்டுச் சேமிக்காமல் விட்டு, மறுநாள் அதே பிழையைப் பார்க்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பொருத்தச் சலிப்பாக இருந்தால் மோபாஎக்ஸ்டெர்ம் என்ற மென்பொருளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வீட்டுப் பதிப்பு இலவசம். விண்டோஸ் 11-இல் டபிள்யூ.எஸ்.எல். ஏற்கெனவே இருந்தால் இவை எதுவும் வேண்டாம். உபுண்டு டெர்மினலிலிருந்தே 'எஸ்.எஸ்.ஹெச். -எக்ஸ்' என்று தொடங்கி நுழையுங்கள். இங்கே எக்ஸ் பெரிய எழுத்து. சின்ன எக்ஸ் போட்டால் வரைகலை வேண்டாம் என்று நீங்களே சொன்னதாக அர்த்தம்.

நுழைந்ததும் 'எக்கோ டாலர் டிஸ்ப்ளே' கேட்டுப் பாருங்கள்; டாலர் என்பது அந்தக் குறி, அதை ஒட்டி டிஸ்ப்ளே முழுவதும் பெரிய எழுத்தில். 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்பது போல ஏதாவது வந்தால் வழி திறந்திருக்கிறது. அந்தப் பத்தாம் எண் திரை துறையில் எங்கும் கிடையாது. உங்களைத் துறைக் கணினியோடு இணைக்கும் எஸ்.எஸ்.ஹெச்., அங்கே ஒரு போலித் திரையை நிறுத்திவைத்து, அதில் எழுதப்படுவதையெல்லாம் மறையாக்கி உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறது. இதை அறியாமல், அந்த மதிப்பை அழித்துவிட்டு வீட்டின் ஐ.பி. முகவரியைக் கையால் எழுதிவைப்பவர்கள் நிறைய. அப்படி எழுதிய நொடியே வழி அடைபட்டுவிடும். நுழையும்போது தானாக ஓடும் உங்கள் 'பாஷ்ஆர்சி' கோப்பில் டிஸ்ப்ளே மதிப்பை அமைக்கும் பழைய வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். விடை வெற்றாக வந்தால் தவறு உங்களிடமே இல்லாமல் இருக்கலாம். சர்வரில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், 'எக்ஸ்ஆத்' என்ற சிறு நிரலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டையும் நிர்வாகியிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். எக்ஸ்லாஞ்சில் 'டிஸேபிள் ஆக்ஸஸ் கண்ட்ரோல்' என்று ஒரு கட்டம் வரும். பிழை போக வேண்டுமானால் அதில் குறியிடு என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். யூனிக்ஸ் பக்கத்தில் இதற்கு இணையானது 'எக்ஸ்ஹோஸ்ட் +' என்ற கட்டளை. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தெருவில் போகிற எவரும் மண்டபத்துக்குள் வரலாம். அப்படி உள்ளே வந்த நிரல் தன் சாளரத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றச் சாளரங்களைப் படம் பிடிக்கலாம். எக்ஸ் சாளரங்களில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம், கடவுச்சொல் உட்பட. எக்ஸ் பிறந்த காலத்தில் ஒருவரையொருவர் தெரிந்தவர்களே அந்த வலையில் இருந்தார்கள். அந்த நம்பிக்கை அதன் அடித்தளத்திலேயே பதிந்திருக்கிறது. எஸ்.எஸ்.ஹெச். வழியாக வரும்போது அந்தக் கட்டத்தில் குறியிடத் தேவையே இல்லை, ஏனென்றால் இணைப்பு உங்கள் கணினிக்குள்ளிருந்தே, புட்டியிடமிருந்து வருகிறது. விண்டோஸ் ஃபயர்வால் 'இதைப் பொது வலையில் அனுமதிக்கலாமா?' என்று கேட்டாலும் மறுத்துவிடுங்கள். வேலை தடைபடாது.

*

கேள்வி: மேலே சொன்னது போன்ற ஏற்பாடு என்னிடம் ஓடுகிறது. ஆனால் வீட்டு பிராட்பேண்டில் ஒரு மெனு திறக்கவே பத்து விநாடி ஆகிறது. வேகமான இணைப்புக்கு மாறினால் சரியாகுமா?
- வாசகர், இராமநாதபுரம்

பதில்: பணத்தைச் செலவழிக்க வேண்டாம். தடை இணைப்பின் அகலத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. ஒரு மெனுவை வரையும் முன் நிரல் உங்கள் திரையிடம் எத்தனையோ கேள்விகள் கேட்கிறது. பல கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். போய்த் திரும்ப 60 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், நூறு கேள்விக்கு ஆறு விநாடி. கல்லூரி வளாகத்துக்குள் இந்த நேரம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு என்பதால் அங்கே யாருக்கும் உறைப்பதில்லை.

துறையில் எக்ஸ்2கோ நிறுவியிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அந்தக் கேள்வி-பதில்களை இரு முனையிலும் தாங்கிப் பிடித்துச் சுருக்குவதற்காகவே எழுதப்பட்டது அது. எக்ஸ்பிரா என்று இன்னொன்று உண்டு. நடுவில் மின்சாரம் போனாலும் துறையில் நிரல் சாகாமல் காத்திருக்கும், மறுபடி இணைந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். நம் ஊர்களுக்கு இது பெரிய காரியம். சாதாரண எஸ்.எஸ்.ஹெச். வழியில், இணைப்பு அறுந்தால் சாளரத்தோடு நிரலும் போய்விடும். எந்த வழியாக இருந்தாலும் சர்வரிலும் அதற்குரிய பகுதி நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: சாளரத்தை ஏன் இழுத்து வருகிறீர்கள்? கணக்கீடு துறையில் ஓடட்டும். முடிவுக் கோப்பை மட்டும் 'எஸ்.சி.பி.' கட்டளையால் வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டு லினக்ஸில் வரைந்துகொள்ளுங்கள். சில நூறு கிலோபைட் கோப்பு ஒரே ஒரு முறை பயணம் செய்தால் போதும்.

*

கேள்வி: விண்டோஸ் 10, 4 ஜி.பி. நினைவகம், பழைய மடிக்கணினி. எனக்கு இதெல்லாம் முடியுமா?
- கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: 2022 நவம்பரிலிருந்து விண்டோஸ் 10-இலும் டபிள்யூ.எஸ்.எல்.ஜி. ஓடுகிறது. ஆனால் 4 ஜி.பி.யில் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றையொன்று நெருக்கும், அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எந்த நிரல் தேவை என்று நீங்கள் எழுதவில்லை. குனுபிளாட், கிம்ப், இங்க்ஸ்கேப், கியூ.ஜி.ஐ.எஸ்., ஆக்டேவ் ஆகிய எல்லாவற்றுக்கும் நேரடி விண்டோஸ் பதிப்பே இருக்கிறது, லினக்ஸே வேண்டாம். கல்லூரி சர்வரில் ஓடுவதைப் பார்ப்பது மட்டும்தான் தேவையென்றால் மோபாஎக்ஸ்டெர்ம் போதும். சுமை முழுவதும் அங்கே. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

*

கேள்வி: இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பைப் பார்த்து டபிள்யூ.எஸ்.எல்.லும் எக்ஸ் சர்வரும் வைத்தேன். இப்போது விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு எந்தச் சாளரமும் திறக்கவில்லை.
- வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பழைய குறிப்பு உங்களை 'பாஷ்ஆர்சி'யில் ஒரு நீண்ட டிஸ்ப்ளே வரியை எழுதவைத்திருக்கும். விண்டோஸின் ஐ.பி.யைக் கண்டுபிடித்து நிரல்களை அங்கே அனுப்பும் வரி அது. இப்போது மண்டபம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது; உங்கள் நிரல்கள் இன்னும் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டுகின்றன. வரியை நீக்கிவிட்டு 'டபிள்யூ.எஸ்.எல். --அப்டேட்', பிறகு 'டபிள்யூ.எஸ்.எல். --ஷட்டவுன்' கொடுத்துத் திறந்து பாருங்கள். டிஸ்ப்ளே மதிப்பு ':0' என்று வர வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் 'டபிள்யூ.எஸ்.எல். -எல் -வி' கேளுங்கள். உபுண்டுவுக்கு எதிரே 1 என்று இருந்தால் அது பழைய முதல் பதிப்பு. அதை இரண்டுக்கு மாற்றியாக வேண்டும்.

*

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கு மழையளவு வரைபடம் தயாரிக்கிறேன். அச்சுகளில் 'ஆடி', 'ஆவணி', 'மில்லிமீட்டர்' என்று தமிழிலேயே வர வேண்டும். லினக்ஸ் சாளரங்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிகிறது.
- ஆசிரியர், மன்னார்குடி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் நிறைந்தது. பிள்ளைகளுக்கு 'மன்த்' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நீங்கள் அப்படிப் போகவில்லை.

கட்டங்கள் வரக் காரணம், புதிதாக நிறுவிய உபுண்டுவில் தமிழ் எழுத்துரு இல்லாததே. விண்டோஸில் இருக்கும் எழுத்துருக்கள் தாமாக உள்ளே போவதில்லை. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்' என்று கொடுங்கள். கடைசிச் சொல் டி, ஏ, எம், எல் என்ற நான்கே எழுத்து. எம்முக்கும் எல்லுக்கும் நடுவில் 'ஐ' சேர்த்துவிட்டுத் தொகுப்பைக் காணவில்லை என்று பலர் தவிக்கிறார்கள். தமிழ் எழுத்துமுறைக்கான பன்னாட்டுக் குறியீடு அப்படி நான்கெழுத்தில் அமைந்தது. நிறுவியபின் நிரலை மூடித் திறந்தால் எழுத்துகள் தெரியும்.

ஆனால் எக்ஸ்.எம்.கிரேஸ் உங்களுக்கு உதவாது. அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களை மட்டுமே அறியும். குனுபிளாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெளியீட்டு முனையமாக 'பி.என்.ஜி.கெய்ரோ'வைத் தேர்ந்தால், கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்து 'கொ', 'கௌ' எல்லாம் ஒழுங்காக வரும். தமிழ்ப் பெயர்களை விண்டோஸில் வழக்கமாகத் தட்டும் இடத்திலேயே தட்டி, பிரதி எடுத்து லினக்ஸ் சாளரத்தில் ஒட்டலாம். இரண்டுக்கும் நடுவே அந்தப் பாலம் இருக்கிறது.

*

கேள்வி: வேலண்ட் வந்துவிட்டது, எக்ஸ் செத்துவிட்டது என்கிறார்களே. இதைக் கற்றுக்கொள்வது வீணா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வீண் இல்லை. எக்ஸுக்கு மாற்றாக வந்த சாளர முறையான வேலண்ட், 2008-இல் தொடங்கிய நல்ல முயற்சி. ஒரு நிரல் இன்னொன்றை உளவு பார்க்கும் ஓட்டையை அது அடைத்திருக்கிறது, அதை வரவேற்கிறேன். லினக்ஸ் மேசைத்தளங்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறி வருகின்றன. விண்டோஸ் 11-இல் உங்கள் லினக்ஸ் சாளரங்களைக் காட்டுவதே உள்ளுக்குள் வெஸ்டன் என்ற வேலண்ட் நிரல்தான். ஆனால் அதே இடத்தில் எக்ஸ்வேலண்ட் என்ற எக்ஸ் சர்வரும் உட்கார்ந்திருக்கிறது, எக்ஸ்.எம்.கிரேஸ் போன்ற பழைய நிரல்களுக்காக. ஆய்வகங்களில் அவை இருக்கும்வரை இதுவும் இருக்கும்.

*

கேள்வி: என் மகன் அவன் படிப்புக்காகக் கடைக் கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறான். அதிலிருந்து காலையில் பில் போடும் நிரல் மிகவும் மெதுவாக ஓடுகிறது. எடுத்துவிடச் சொல்லலாமா?
- வன்பொருள் கடைக்காரர், ஈரோடு

பதில்: எடுக்கச் சொல்லாதீர்கள் ஐயா. ஒரு வாரம் பொறுங்கள், சரிசெய்துவிடலாம்.

விண்டோஸுக்குள் டபிள்யூ.எஸ்.எல். வழியாக ஓடும் அந்த லினக்ஸ் இயல்பாகவே கணினி நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். மகன் இரவில் சாளரத்தை மூடிவிட்டுப் படுத்தாலும், ஏதாவது நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் காலைவரை அதைப் பிடித்துவைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் 'வி.எம்.மெம்' என்று தொடங்கும் பெயருக்கு எதிரே எத்தனை ஜி.பி. இருக்கிறது என்று மகனையே உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். புதிய பதிப்பாக இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் 'டபிள்யூ.எஸ்.எல். செட்டிங்ஸ்' என்ற செயலி இருக்கும். அதில் நினைவக அளவை 2 ஜி.பி.யாகக் குறைத்துவைத்தால், 8 ஜி.பி. கணினியில் உங்கள் பில் நிரலுக்கு இடம் தாராளமாக இருக்கும். வரைபடம் வரைய அவனுக்கும் அது போதும். அதோடு, வேலை முடிந்ததும் 'டபிள்யூ.எஸ்.எல். --ஷட்டவுன்' கொடுத்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள். எடுத்த நினைவகம் அப்போதே திரும்பிவிடும். நாளை காலை கடை திறந்து முதல் பில் போடும்போது பாருங்கள். அப்போதும் மெதுவாக இருந்தால், கணினியில் எத்தனை ஜி.பி. இருக்கிறது என்பதையும், வி.எம்.மெம்முக்கு எதிரே பார்த்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.